டிப்ரஷனுக்குப் பிறகு மறுபடியும் புத்தகம் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

ஏலமலைக்காரி, குமுளி

இந்த வாசகர் குழுவில் படித்த புத்தகங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. படிக்கவே முடியாமல் போன காலத்தைப் பற்றி யாரும் எழுதிய ஞாபகம் இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன். டிப்ரஷன் வந்து, மருந்து சாப்பிட்டு, ஓரளவு எழுந்து உட்கார்ந்த பிறகு உங்களுக்கு வாசிப்பு எப்படித் திரும்பி வந்தது? வந்ததா?

எனக்குச் சொந்த ஊர் கம்பம், கல்யாணமாகி மலையேறியவள். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். அம்மா வீட்டிலிருந்து பஸ் ஏறினால், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி வருவதற்குள் ஒரு வார இதழை விளம்பரம் உட்பட முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு மழைக்காலத்தில் படிப்பு நின்றுபோனது. இங்கே ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை மழையும் மூடுபனியும்தான். மலை இறங்கினால் கம்பத்தில் வெயில் அடிக்கும், மேலே பகலிலும் லைட் போட வேண்டும். "மழைக்கு மனசு அப்படித்தான் கிடக்கும், வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். வெயில் வந்தது. எனக்குள் ஒன்றும் மாறவில்லை. சாப்பாடு மண் மாதிரி இருந்தது, பிள்ளை பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. கடைசியில் வீட்டுக்காரர்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மருந்து வேலை செய்தது, அதைத் தயங்காமல் சொல்கிறேன். தூக்கம் வந்தது, பசி வந்தது. அப்புறம் மூக்கு திரும்பியது. காய் உலர்த்தும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். பச்சைக்காய் ஐந்து கிலோ உள்ளே போனால் காய்ந்து வெளியே வருவது ஒரு கிலோ. மிச்சமெல்லாம் தண்ணீராகத்தான் போகிறது. ஸ்டோர் கதவைத் திறந்தால் அந்த ஈரம் முழுக்க வாசனையோடு முகத்தில் வந்து மோதும். நோயோடு இருந்த மாதங்களில் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போனேன், எதுவும் தெரிந்ததில்லை. ஒருநாள் தெரிந்தது. அங்கேயே நின்றேன். அன்றைக்குத் தரம் பிரிக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்து, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்கின காய்களை அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே தோட்டத்துக் காயில் எத்தனை பச்சை! கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கொஞ்சம் சூடு ஏறிப்போனால் வருகிற வைக்கோல் நிறம்.

ஆனால் புத்தகம் மட்டும் இன்னும் வரவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு பெண் பேசுகிறாள், யார் இவள் என்று முதல் பக்கத்துக்குத் திரும்புவேன். அங்கே போனதும் எதற்கு வந்தேன் என்பது மறந்துவிடும். பிரியமான ஒருவர் வீட்டு வாசல்வரை போய்விட்டுக் கதவைத் தட்டத் தெரியாமல் திரும்புவது போல இருக்கிறது. உங்களுக்கு என்ன உதவியது என்று சொல்லுங்கள்.

பனங்காட்டான், சித்தூர் (பாலக்காடு)

சகோதரி, முதலில் ஃபோனைத் தூக்கிப் பீரோவில் வையுங்கள். பெரிய நாவலாக ஒன்று எடுங்கள், நானூறு பக்கத்துக்குக் குறையக் கூடாது. தினம் ஐம்பது பக்கம் என்று சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். முதல் ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் அதுவே இழுத்துக்கொண்டு போகும். மனதைக் கட்டினால் நடக்காதது இல்லை. நான் வேலை போய் வீட்டில் இருந்த காலத்தில் இப்படித்தான் என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டேன்.

பெரியாற்றுச் செவிலி, வண்டிப்பெரியார்

பனங்காட்டு அண்ணா, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் செவிலியாக இருக்கிறேன், இந்த ஐம்பது பக்கக் கணக்கு நோயாளியை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். முதல் நாள் ஆறு பக்கத்தில் நிற்பார்கள். 'இதுகூட முடியாத நான் எதற்கு' என்ற எண்ணம் அங்கேயே தொடங்கிவிடும். வேலை போன வருத்தமும் இந்த நோயும் வேறு வேறு.

மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைப் பயன்படுத்துகிறார்கள், பிஎச்கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். முதல் கேள்வியே எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா என்பதுதான். ஏழாவது கேள்வி, செய்தித்தாள் படிப்பது, டிவி பார்ப்பது போன்றவற்றில் கவனம் நிற்கவில்லையா என்பது. படிக்க முடியாமல் போவது அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிற அறிகுறி. ஏலமலை அக்கா சோம்பேறியாகிவிடவில்லை, அவருக்கு வாசிப்பின் மேல் இருந்த அன்பும் எங்கேயும் போகவில்லை. மனம் தேறிய பிறகும் பலருக்குக் கவனமும் ஞாபகமும் பின்தங்கித்தான் வரும். இதை யாரும் நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று. ஆசை வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் ஆசை வராது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் இதை ஆராய்ந்தார். சோர்வு வந்தால் மனிதன் செய்கிற காரியம் குறையும், காரியம் குறைந்தால் அதிலிருந்து வரும் சின்னச் சந்தோஷங்களும் நின்றுவிடும், அதனால் சோர்வு இன்னும் கூடும். அந்தச் சுற்றை எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். முதலில் செய்வது, ஆர்வம் பின்னால் வரும். ஆனால் செய்வது மிகச் சிறியதாக இருக்க வேண்டும், தோற்க முடியாத அளவுக்குச் சிறியதாக. அக்கா சல்லடை முன்னால் போய் உட்கார்ந்தீர்களே, அது அப்படிப்பட்ட ஒரு காரியம்தான். வாசிப்பையும் அந்த அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். ஒரு பத்தி. வேண்டுமென்றால் நான்கு வரி. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

டாக்டர் இதுவரை பார்க்கச் சொல்லவில்லை என்றால் தைராய்டு, பி12, ரத்தசோகை இவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவையும் இதே மாதிரி மந்தத்தைக் கொண்டுவரும்.

ரயிலடி, செங்கோட்டை

அம்மா ஏலமலை, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரி போன பிறகு எனக்கு வந்தது. வந்தது என்ன, விழுந்தேன். மகன் தென்காசியில் டாக்டரிடம் காட்டினான்.

அதற்குப் பிறகு நான் முதன்முதலில் படித்தது என்ன தெரியுமா, ரயில்வே கால அட்டவணை. அதில் கதை கிடையாது, யார் யாருக்கு என்ன உறவு என்று ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அதுதான் தொடக்கம். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண், புனலூர். வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த பெயர்கள். விரலை வைத்து வாய்விட்டுப் படிப்பேன். எழுத்து கண்ணில் நிற்கிறது என்று முதலில் அங்கேதான் தெரிந்தது.

அப்புறம் அந்த வண்டியிலேயே போகத் தொடங்கினேன். இந்தப் பாதை 1904-இல் போட்டது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-இல் மூடி, 2018-இல் திறந்தார்கள். மூடியிருந்த அந்த வருஷங்களில் ஸ்டேஷன் பக்கம் போகவே எனக்குப் பிடிக்காது. இப்போது டிக்கெட் எடுத்துப் புனலூர் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். பகவதிபுரம் தாண்டினால் பெரிய குகைப்பாதை வரும். இந்தப் பக்கம் உள்ளே நுழையும்போது நம்ம ஊர் வறண்ட காற்று, அந்தப் பக்கம் ஆரியங்காவில் வெளியே வரும்போது காற்று ஈரமாகிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினால் தெரியும். அதற்காகவே போவேன். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன், மாறாது என்று தெரியும், ஆனாலும் எண்ணுவேன். வண்டியில் பக்கத்தில் இருப்பவர் பேப்பரை மடித்து வைத்தால் வாங்கிப் படிப்பேன். ஒரு துணுக்கு, ஒரு விபத்துச் செய்தி, அவ்வளவுதான். வாங்கின பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் நிறையப் படிக்கவும் தேவையில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

கொழிஞ்சி, கொழிஞ்சாம்பாறை

அண்ணாச்சி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வந்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. "பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு முகத்தை இப்படியா வைத்திருப்பாய்" என்று மாமியார் சொன்னதோடு சரி, நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கன்வாடி டீச்சர்தான் கண்டுபிடித்தார். அவருக்கு என் ஆயுள் முழுக்க நன்றி.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். புதுப் புத்தகம் எடுக்காதீர்கள். பத்து வயதில், பன்னிரண்டு வயதில் திரும்பத் திரும்பப் படித்ததை எடுங்கள். கதை முழுக்கத் தெரியும் என்பதால் நடுவில் மனம் எங்கே ஓடினாலும் திரும்பி வந்து உட்கார இடம் இருக்கும். அண்ணன் சேர்த்து வைத்திருந்த சிவகாசிக் காமிக்ஸ் கட்டு ஒன்று பரணில் இருந்தது, அதைத்தான் இறக்கினேன். படம் இருப்பதால் யார் யார் என்று குழப்பம் வராது. அப்புறம் பெரியவளுக்கு ராத்திரியில் படக்கதை படித்துக் காட்டுவேன். தப்பாகப் படித்தால் அவளே திருத்துவாள். சத்தமாகப் படிக்கும்போது மனம் அலைவது குறைகிறது, அண்ணாச்சி சொன்னதும் அதுதான்.

இங்கே ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று பனங்காட்டு அண்ணாவுக்குத் தெரியும். பனையோலை ராத்திரி முழுக்கப் படபடக்கும். அந்தச் சத்தம் எனக்கு அப்போது தாங்க முடியாததாக இருந்தது. அடுத்த வருஷம் அதே காற்றில் திண்ணையில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். சத்தம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்த பிறகுதான் போன வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. தேறியது இப்படித்தான் தெரிந்தது, நடந்து முடிந்த பிறகு.

மறையூரான்

நான் அதிகம் எழுதியதில்லை. கல்லூரி இரண்டாம் வருஷம், இப்போது லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன். அப்பா அம்மா தோட்ட வேலை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பகல் முழுக்க நான் தனியாக. பரீட்சைக்குக்கூடப் படிக்க முடியவில்லை. டாக்டரிடம் இன்னும் போகவில்லை, இது நோயா சோம்பலா என்று தெரியவில்லை. ஃபோனில் சின்ன வீடியோக்களை மணிக்கணக்காகத் தள்ளிக்கொண்டே இருப்பேன், ஒன்றுமே ஞாபகம் இருக்காது. கதையைக் காதால் கேட்டால் அது வாசிப்பில் சேருமா?

பெரியாற்றுச் செவிலி, வண்டிப்பெரியார்

தம்பி, நீ எழுதியது நல்லது. கதை கேட்பது தாராளமாகச் சேரும், அதை மற்றவர்கள் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய விஷயத்தைச் சொல்கிறேன். நோயா சோம்பலா என்று நீயே தீர்ப்பு எழுத வேண்டாம், அதற்குத்தான் ஆட்கள் இருக்கிறோம். டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவிச் சேவை, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், மலையாளத்தில் திக்கித் திணற வேண்டாம். நம்ம கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களில் 'ஆஸ்வாசம்' என்று மனச்சோர்வுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. பக்கத்து மையத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் இங்கே எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காதே, உடனே அந்த எண்ணைக் கூப்பிடு, அம்மாவிடம் சொல்.

மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கொஞ்சம் கூட. நான்காம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள் அதைவிட நிறைய. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதையும் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும்.

வாயனசாலை, பாறசாலை

களியக்காவிளை எல்லையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் வாயனசாலையின், அதாவது வாசகசாலையின், பொறுப்பில் இருக்கிறேன், தமிழ் அலமாரியும் என் கையில்தான். கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம்தான் பிறகு இந்த மாநிலம் முழுக்கக் கிராம வாயனசாலைகளாகப் பெருகியது. அவர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளில் பிள்ளைகளிடம் 'படி, படி' என்று நிறையப் பேசுகிறேன். ஆனால் படிக்க முடியாமல் தவிக்கிறவருக்கு அந்தப் பேச்சு வலிக்கும் என்று இங்கே ஒரு பெரியவரைப் பார்த்த பிறகுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

தினமும் சாயங்காலம் வருவார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பக்கம் திரும்பாது. ஒருநாள்கூட அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. வாயனசாலையில் சும்மா உட்காரலாம், அது எங்கள் வழக்கம். மேலே ஃபேன் ஓடும், பக்கத்தில் நான்கு பேர் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்கும், வாசலில் பையன்கள் கேரம் ஆடுவார்கள். பல மாதம் கழித்து ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "அந்த வாழைக்குலை விலைச் செய்தி போட்ட பழைய பேப்பர் இருக்கிறதா" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இப்போது வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போகிறார், பெரும்பாலும் விவசாயம். அவருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

ஏலமலை சகோதரி, வீட்டில் தனியாகப் புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல், நான்கு பேர் படிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பக்கத்திலும் வாயனசாலை நிச்சயம் இருக்கும். தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வாசகர் கேட்டால்தான் வாங்குவோம், கேட்காத அலமாரி காலியாகவே கிடக்கும்.

ஏலமலைக்காரி, குமுளி

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, முடியவில்லை. இரண்டு வாரம் நீங்கள் சொன்னதையெல்லாம் கலந்து செய்து பார்த்தேன்.

செவிலி அக்கா சொன்ன அந்த ஏழாவது கேள்வியை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "அப்போ உனக்குப் புத்தகம் சலித்துப்போகவில்லை" என்றார். இத்தனை நாளும் அவரும் அதைத்தான் நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார், சொல்லவில்லை.

கொழிஞ்சி சொன்னபடி சின்ன வயதில் படித்ததைத் தேடி அம்மா வீட்டுக்குப் போனேன். பன்னீர் திராட்சைக் காலம், தோட்டத்து வாசலிலேயே கூடையில் வைத்து விற்கிறார்கள். ஒரு கிலோ வாங்கிப் பஸ்ஸில் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, மடியில் அந்தப் பழைய புத்தகம். தோலைக் கடித்ததும் புளிப்பு, அப்புறம் உள்ளே இனிப்பு, விதை இரண்டு. ஒரு பழத்துக்கு ஒரு பத்தி. மலைப் பாதையில் வளைவு வந்தால் நிறுத்தினேன். எவ்வளவு படித்தேன் என்று பார்க்கவில்லை. குமுளி ஸ்டாண்டில் இறங்கும்போது, நிலத் தகராறில் அந்தப் பெரியப்பா அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று யோசித்துக்கொண்டே சாலையைக் கடந்தேன். பெரியப்பா என்ன செய்வார் என்று எனக்கு முன்பே தெரியும், பத்துத் தடவை படித்த கதை. தெரிந்தும் யோசித்தேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இந்தக் குழுவில் உள்ளவர்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

மறுநாள் எடுத்தபோது வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பயந்துதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. இப்படி ஏறி இறங்கித்தான் வரும் போல.

மறையூர்த் தம்பி, கூப்பிட்டாயா?

மறையூரான்

கூப்பிட்டேன் அக்கா. தமிழில்தான் பேசினார்கள், நிதானமாகக் கேட்டார்கள். திங்கட்கிழமை அம்மாவோடு ஆஸ்பத்திரி போகிறேன், தைராய்டு பார்க்கவும் சொல்வேன். அம்மாவிடம் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

இன்றைக்கு வெல்லம் காய்ச்சுகிற ஆலைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். கொப்பரையில் பாகு திரண்டு வரும் நேரம், கைப்பிடி அளவு உருண்டை சூட்டோடு கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. இதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பனங்காட்டான், சித்தூர் (பாலக்காடு)

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குச் சத்தமாகப் படிப்பது நன்றாக வரும், கோயில் திருவிழாவில் நாடகத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். தம்பி, வாரம் ஒரு சிறுகதை படித்துப் பதிவு செய்து உனக்கு அனுப்பட்டுமா? பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது. கேட்டு முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏலமலை சகோதரிக்கும் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

மறையூரான்

அனுப்புங்கள் அண்ணா. சோகமாக முடிகிற கதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். சாப்பாடு வருகிற கதையாக இருந்தால் நல்லது.